விமானிகளின் பழைய தோல் கோட்டு: கேட்டவையும் பதில்களும்

விமானம் புதிதாக வந்த காலத்தில் விமானிகள் போட்டுக்கொண்ட நீளமான தோல் கோட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, அந்தக் காலத்து பைலட் எல்லாருக்கும் ஏன் தோல் கோட்டு? கம்பளி போதாதா?

கம்பளியும் உண்டு, உள்ளே. கம்பளி சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் காற்று அதற்குள் புகுந்துவிடும். 1914-இல் அநேக விமானங்களுக்கு மேல்மூடியே கிடையாது, முகத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடித் தடுப்பு இருந்தால் பெரிய விஷயம். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. வடபிரான்சில் தரையில் 10 டிகிரி இருக்கும்போது ஒருவர் கிளம்பி 4500 மீட்டருக்கு ஏறினால் மைனஸ் 19-ஐ ஒட்டி வரும், அதோடு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று. முகம் குளிரில் வெந்துபோகாமல் இருக்கத் திமிங்கலக் கொழுப்பைப் பூசிக்கொண்டு பறந்திருக்கிறார்கள். காற்றைத் தடுக்கத்தான் தோல், சூட்டுக்கு அல்ல.

இன்னொரு காரணம் எண்ணெய். அன்றைய ரோட்டரி எஞ்சின்களுக்கு (விசிறியோடு சேர்ந்து எஞ்சினே சுழலும் வகை) நம்ம விளக்கெண்ணெய்தான் மசகு, அது முழுக்க எரியாமல் வெளியே தெறித்து ஓட்டுபவர் மேலேயே விழும். தோல் என்றால் துணியால் துடைத்துவிட்டுப் போகலாம். மூக்கிலும் வாயிலும் போனது வயிற்றை என்ன செய்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டு கட்டியதும் ஸ்டைலுக்கு மட்டுமல்ல: எதிரி எங்கே என்று ஓயாமல் தலையைத் திருப்பும்போது கழுத்து உராயாமல் இருக்கவும், கண்ணாடியில் படிந்த எண்ணெயைத் துடைக்கவும்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தது யார்?

யாருமில்லை. ஆரம்பக் கால கார்களுக்கும் கூரை இல்லை, அதனால் கார் ஓட்டுபவர்களுக்கென்று லண்டனில் டன்ஹில் போன்ற கடைகளில் தோல் கோட்டு விற்றது. பறக்க ஆரம்பித்த பணக்காரர்கள் அதையே போட்டுக்கொண்டார்கள். 1912-இல் பிரிட்டிஷ் ராணுவம் ராயல் ஃப்ளையிங் கோர் என்ற விமானப் பிரிவைத் தொடங்கிய பிறகுதான் விமானிக்கென்று வேலைப்பாடுகள் வந்தன. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இடது மார்பில் சாய்வாக வைத்த பெரிய பை: இடுக்கமான இருக்கையில் உட்கார்ந்தபடியே வலது கையால் வரைபடத்தை எடுக்கலாம். எல்லாரும் தோலில்தான் பறந்தார்கள் என்றும் இல்லை, ஹாரியட் குவிம்பி என்ற அமெரிக்கப் பெண் ஊதா சாட்டின் உடையோடு பிரபலமானவர். 1912 ஏப்ரலில் தானே விமானம் ஓட்டி ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் பெண் அவர்.

கேள்வி: சார், ஒருத்தர் "1916 ராயல் ஃப்ளையிங் கோர் அசல்" என்று விற்கிறார். முன்னாடி ஜிப் இருக்கு, உள்ளே கிரீடமும் ஏ.எம். முத்திரையும் இருக்கு. வாங்கலாமா?

அந்த விலைக்கு வேண்டாம். முத்திரையே போதும்: ஏ.எம். என்றால் ஏர் மினிஸ்ட்ரி, பிரிட்டனின் விமான அமைச்சகம், அது அமைந்ததே 1918 ஜனவரியில். 1916 கோட்டில் அந்த முத்திரை எப்படி வரும்? ஜிப்பும் அப்படித்தான். இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு ஜிப் வந்தது 1913-க்கும் 1917-க்கும் இடையே, உடைகளில் பரவலானது 1930-களில். யாராவது பிற்பாடு தைத்துச் சேர்த்திருக்கலாம் என்று விற்பவர் சொல்வார், சொல்லட்டும், பொத்தான் துளைகளின் தடம் எங்கே என்று கேளுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கள்ள நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதிக விலை இல்லை. இருட்டில் தையல் நூல் மேலும் உள்துணி மேலும் அடியுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது பிற்கால நூலாக இருக்கவே வாய்ப்பு, ஏனென்றால் புற ஊதாவில் இப்படி ஒளிரும் வெளுப்பூட்டும் ரசாயனங்கள் பரவலானது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. ஆனால் பழைய துணியை இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும், அதனால் துவைக்க முடியாத இடங்களின் நூலைப் பாருங்கள். நூல் பாலியெஸ்டர் என்றாலும் அது பிற்காலத்துதான், பாலியெஸ்டர் 1941-இல் வந்த சரக்கு. அப்புறம், முத்திரை எதுவும் இல்லாத நீளத் தோல் கோட்டு என்றால் அது கார் டிரைவருடையதாகவோ மோட்டார் சைக்கிள் தபால்காரருடையதாகவோ இருக்கலாம். "பைலட்" என்ற ஒரு சொல்லால் விலை ஏறுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: துப்பாக்கிக் குண்டைத் தாங்குமா?

தாங்காது.

கேள்வி: பிறகு ஏன் நீளக் கோட்டு போய் இடுப்பளவு ஜாக்கெட் வந்தது?

முதல் உலகப்போர் முடிவதற்குள்ளேயே தோலின் குறை தெரிந்துவிட்டது. நனைந்தால் பாரம், உறைந்தால் பலகை. 1916-17 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவில் இருந்த சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர், எஞ்சின் வேலை செய்த எண்ணெய் ஊறிய ஓவரால் உடையோடு பறந்துவிட்டு இறங்கினார், முறையான உடுப்பில் போனவர்கள் விறைத்துப்போயிருக்க இவருக்கு மட்டும் குளிரவில்லை. எண்ணெய் காற்றை அடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டு உள்ளே மெல்லிய ரோமம், நடுவில் காற்றுப் புகாத பட்டு, வெளியே கெட்டித் துணி என்று கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே உடையாகத் தைத்தார். அதுதான் சிட்காட் சூட்.

1920-களில் விமானிகளிடம் பாராசூட் பரவலான பிறகு, அதன் பட்டைகளைத் தொடை வழியாகக் கட்ட நீளக் கோட்டு பெரிய இடைஞ்சல். அமெரிக்க ராணுவம் 1927-இல் ஏ-1, 1931-இல் ஏ-2 என்று குட்டை ஜாக்கெட்டுகளுக்கு மாறியது. பிரிட்டனின் தடித்த ஆட்டுத்தோல் ஜாக்கெட்டைச் செய்த லெஸ்லி இர்வினே பாராசூட்காரர்தான்.

கேள்வி: அமேலியா இயர்ஹார்ட் புது தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தூங்கினாராமே?

ஆமாம், அந்த அமெரிக்கப் பெண் விமானிதான், மூன்று இரவு. பறக்கக் கற்றுக்கொள்ளும் இடத்தில் மற்றவர்கள் கத்துக்குட்டி என்று நினைக்கக்கூடாதாம், ஜாக்கெட் பழசாகத் தெரிய வேண்டுமாம். புது ஜீன்ஸைக் கிழித்து விற்கிற கடைகளுக்கு அவர்தான் முன்னோடி போல.

கேள்வி: இதில் சென்னைத் தோல் எதுவும் உண்டா?

கோட்டில் தேடாதீர்கள், பூட்ஸில் தேடுங்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னிந்திய மாட்டுத்தோலை முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அரசு ராணுவ பூட்ஸ் மேற்பகுதிக்காக ஏராளமாக வாங்கியது.

கேள்வி: வீட்டில் பழைய கோட்டு ஒன்று இருக்கிறது, தொட்டால் சிவப்புப் பொடி கையில் ஒட்டுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? சரி செய்துவிட்டு ஊட்டிக்கு பைக்கில் போட்டுப் போக ஆசை.

எண்ணெய் வேண்டவே வேண்டாம் தம்பி. பட்டையில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக மாசினால் அமிலமாகி உள்ளிருந்தே உதிர்வது இது. ஆங்கிலத்தில் ரெட் ராட் என்பார்கள். திரும்பச் சரியாகாது, அருங்காட்சியகத்தில் செல்லுலோஸ் கரைசல் பூசிப் பொடி உதிர்வதை நிறுத்துவார்கள், அவ்வளவே. எண்ணெய் பூசினால் கறுத்துப் பிசுபிசுக்கும், நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சையும் சேரும். பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றி, மடிப்புகளுக்குள் துணி உருண்டை வைத்து, காற்றாடுகிற அலமாரியில் படுக்கையாக வையுங்கள். பைக்குக்கு இதைப் போடவே கூடாது, தையல் துளை வரிசை நெடுக தபால்தலை மாதிரி கிழிந்து வரும். ஊட்டிக்குப் புதுசாக ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், ஆம்பூர் பக்கம் தோலுக்கா பஞ்சம்?