பாக்கெட்டுக்குள்ள போன கை: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

காது கேளாத பிள்ளைங்க படிக்கிற ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல ஆறு வருஷமா டீச்சரா இருக்கேன், ஹாஸ்டலும் உண்டு. என் கிளாஸ்ல 14 வயசு பையன் ஒருத்தன், லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து ஆளே மாறிட்டான். சாப்பாடு பாதி தட்டுலயே கிடக்குது, ராத்திரி தூங்குறதில்லன்னு வார்டன் சொல்றாங்க, சட்டுனு கோவப்படுறான், மத்த நேரம் கையை பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு மாசம் ஆச்சு. மேல இருக்கிறவங்க கிட்ட சொன்னா 'இந்தப் பிள்ளைங்க இப்படித்தான், கொஞ்சம் முரடு'ங்கிறாங்க. மாசம் ஒரு தடவை கவுன்சிலர் வர்றாங்க, அவங்களுக்கு சைகை தெரியாது, நான்தான் நடுவுல நின்னு சொல்லணும். போன வாரம் 'வீட்டுல சொல்லாதீங்க'ன்னு என்கிட்ட மட்டும் சைகை காட்டிட்டு அழுதான், எதைன்னு சொல்லல. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். இது டிப்ரஷனா, இல்ல வயசுக் கோளாறா? நான் என்ன செய்யணும்?

(பெயர் வேண்டாம்)

அன்பான டீச்சருக்கு,

'கையை பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு'ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதைத் தாண்டி வர எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. காது கேக்குற பையன் ஒருத்தன் திடீர்னு பேச்சை நிறுத்திட்டா வீடே பதறிப் போயிடும், சைகையில பேசுற பையன் கையை உள்ள வச்சுக்கிட்டாலும் அது பேச்சு நின்னதுதானே, ஆனா பாக்குறவங்க 'அமைதியா இருக்கான்'னு போயிடுறாங்க. நீங்க அப்படிப் போகல. உங்க அனுமதியோட, அடையாளம் தெரியிற விவரத்தை எல்லாம் எடுத்துட்டு இதை எல்லாரும் படிக்கிற மாதிரி போடுறேன்.

முதல்ல அந்த 'இந்தப் பிள்ளைங்க இப்படித்தான்'. இந்த வார்த்தை மேல எனக்கு ரொம்ப வருஷக் கோவம் இருக்கு. டாக்டருங்க பாஷையில இதுக்கு டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்னு பேரு, குறைபாட்டோட நிழல் விழுந்து மத்த எதுவுமே கண்ணுக்குத் தெரியாமப் போறது. 1982ல ஸ்டீவன் ரைஸ்ங்கிற உளவியலாளரும் அவரோட வேலை பாத்தவங்களும் உளவியலாளர்கள் கிட்ட ஒரு ஆளோட கடுமையான பயத்தைப் பத்தின விவரத்தைக் குடுத்து கருத்து கேட்டாங்க, அந்த ஆளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருக்குன்னு சேத்துச் சொன்னப்போ அதே பயம் அவங்களுக்கு மனநலப் பிரச்சினையா அவ்வளவா படல. அதையே தொழிலா செய்யிறவங்களுக்கே இந்த நிழல் விழுதுன்னா ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு விழாதா. 'முரடு'ன்னு சொல்றாங்களே, வளரிளம் பருவத்துல டிப்ரஷன் பல நேரம் சோகமா வெளிய தெரியாது, எரிச்சலாத்தான் தெரியும். தூக்கம், சாப்பாடு, கோவம், ஒதுங்கி உக்கார்றது இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தாலே டாக்டர் கிட்ட காட்டணும்னு சொல்வாங்க, உங்க பையனுக்கு மாசம் ஆயிடுச்சு. டிப்ரஷனான்னு நான் இங்கேருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, ஆனா வயசுன்னு விட்டுட முடியாதுங்கிறதை உறுதியா சொல்லுவேன்.

என் தங்கச்சி கதையை ஒண்ணு சொல்லிக்கிறேன். அவளுக்கு பெருமூளை வாதம், பேச்சு மத்தவங்களுக்குப் புரியாது. அவ போன ஸ்கூல்ல ஒரு பட அட்டை குடுத்திருந்தாங்க, நாலு வரிசையில ஆறு ஆறு படம், விரலை வச்சுக் காட்டுவா. 12 வயசுல திடீர்னு ஒரு பழக்கம் வந்துச்சு, தினம் ஒரே பீரியட்ல டாய்லெட் படத்தை நாலஞ்சு தடவை தொடுவா, ஆயா கூட்டிட்டுப் போனா போகமாட்டா, திரும்பக் கொண்டு வந்து உக்கார வச்சா மறுபடியும் அதே படம். டைரியில 'அடம்'னு எழுதி அனுப்புனாங்க. நான் ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போய் பின்னாடி உக்காந்து பாத்தேன். அது பாட்டு கிளாஸ். இவ வாயைத் திறந்தா வர்ற சத்தத்துக்கு பக்கத்துல ரெண்டு பேரு சிரிச்சாங்க, இவ முகம் அப்படியே செவந்துபோச்சு, விரல் நேரா டாய்லெட் படத்துக்குப் போச்சு. அந்த 24 படத்துல அவளை அந்த ரூமை விட்டு வெளிய கொண்டு போகக்கூடிய ஒரே படம் அதுதான். தண்ணி இருந்துச்சு, சோறு இருந்துச்சு, டிவி இருந்துச்சு, 'வேண்டாம்' இல்ல. வெக்கம் இல்ல, பயம் இல்ல. அவளைப் பாத்துக்கிறவங்களுக்கு என்ன தேவையோ அதெல்லாம்தான் அட்டையில இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரியே 'வேண்டாம்', 'வெக்கமா இருக்கு', 'இங்கேருந்து போகணும்'னு மூணு படம் வரைஞ்சு ஒட்டினோம். முதல் வாரம் முழுக்க அவ எல்லாத்துக்கும் 'வேண்டாம்'தான் தொட்டா, அவளுக்குப் பிடிச்சதுக்குக்கூட. 12 வருஷமா சேத்து வச்சிருந்த வேண்டாம் எல்லாம் வெளிய வந்துச்சுன்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுதாங்க. 1985ல எட்வர்ட் கார், மார்க் டுராண்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வளர்ச்சிக் குறைபாடு உள்ள நாலு பிள்ளைங்க கிட்ட இதைத்தான் காட்டினாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன், உதவி வேணும்னு கேக்க வார்த்தை கத்துக் குடுத்ததும் அவங்களோட தொந்தரவான நடத்தை நல்லாவே குறைஞ்சுச்சு.

இப்ப உங்க பையன் கிட்ட வர்றேன். 'லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து'ன்னு எழுதியிருக்கீங்க. காது கேளாத பிள்ளைங்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்கு மேல காது கேக்குற பெத்தவங்களுக்குப் பிறந்தவங்க, அதுல நிறைய வீட்டுல யாருக்கும் சைகை தெரியாது. ஹாஸ்டல்ல நாள் முழுக்க பேசிட்டு இருந்த பையன் லீவுக்குப் போனா சாப்பிட உக்கார்ற இடத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க, என்னன்னு கேட்டா 'அப்புறம் சொல்றேன்'ங்கிறாங்க, அந்த அப்புறம் வர்றதே இல்ல. 1880ல இத்தாலியில மிலான் நகரத்துல நடந்த காது கேளாதவங்க கல்வி மாநாட்டுல சைகையை விட்டுட்டு வாய்ப்பேச்சுலதான் கல்வி சொல்லிக்குடுக்கணும்னு தீர்மானம் போட்டாங்க, அதைத் தவறுன்னு ஒத்துக்கிட்டு வருத்தம் தெரிவிக்க 2010ல கனடாவோட வான்கூவர்ல நடந்த அதே கல்வி மாநாடு வரைக்கும் ஆச்சு, இடையில எத்தனை பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே விருந்தாளியா வளந்திருக்கும். அவனுக்கு அந்தத் தனிமையா இருக்கலாம்.

வேற எதுவா வேணும்னாலும் இருக்கலாம் டீச்சர், இதைச் சொல்லாம விட முடியாது. 2012ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுத் தொகுப்புல குறைபாடு உள்ள பிள்ளைங்க வன்முறைக்கு ஆளாகுற வாய்ப்பு மத்த பிள்ளைங்களை விட 3.7 மடங்குன்னு இருக்கு. 'வீட்டுல சொல்லாதீங்க'ங்கிறது வீட்டுல நடந்ததா இருக்கலாம், ஹாஸ்டல்ல நடந்ததா இருக்கலாம். எதையும் முன்கூட்டியே முடிவு பண்ணாதீங்க, 'அவங்க அடிச்சாங்களா'ன்னு நீங்களே பதிலை எடுத்துக் குடுக்காதீங்க, 'என்ன நடந்துச்சு'ன்னு மட்டும் கேட்டுட்டு காத்திருங்க. உடம்பையும் பாக்கச் சொல்லுங்க, குறிப்பா கண்ணை. அஷர் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு, பிறவியிலேயே காது கேக்காத சில பிள்ளைங்களுக்கு இந்த வயசு வாக்குல இருட்டுல பார்வை மங்க ஆரம்பிக்கும். சாயங்காலம் ஆனா ஒதுங்குறானா, வெளிச்சம் குறைஞ்ச இடத்துல கால் தடுக்கி விழுறானான்னு வார்டனைக் கவனிக்கச் சொல்லுங்க, சைகையை நம்பியே இருக்கிற பையனுக்கு வெளிச்சம் போறது எவ்வளவு பெரிய பயம்.

கவுன்சிலர் விஷயம். நீங்க நடுவுல நிக்கக் கூடாது. உங்க மேல தப்பில்ல, ஆனா மறுநாள் காலையில அவன் உங்க கிளாஸ்லதான் உக்காரணும், உங்க கிட்டதான் மார்க் வாங்கணும், அவன் எதைச் சொல்லுவான் எதை விழுங்குவான்னு யோசிங்க. ஸ்கூலுக்குச் சம்பந்தமில்லாத மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர், அவர் ரகசியம் காக்குறவர்னு பையனுக்கு முதல்லயே சொல்லியாகணும். அதைவிட நல்லது சைகை தெரிஞ்ச கவுன்சிலர், கிடைக்கிறது கஷ்டம், வீடியோ கால்ல கிடைக்குதான்னு தேடச் சொல்லுங்க. உங்க ஸ்கூல்லயே படிச்சு முடிச்சு வேலைக்குப் போற காது கேளாத பெரிய பையன் நல்லவனா ஒருத்தன் இருந்தா, ஸ்கூலுக்குத் தெரிஞ்சு, அடிக்கடி வந்து இவங்க கூட உக்காரட்டும், வளந்து நிக்கிற ஒருத்தனை நேர்ல பாக்குறதே பெரிய விஷயம். மேல இருக்கிறவங்க கிட்ட வாயால சொன்னதை இனிமே எழுத்துல குடுங்க, தேதி போட்டு, எத்தனை வேளை சாப்பிடல, எத்தனை ராத்திரி தூங்கலன்னு. 2006ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையில 7வது பிரிவு, பிள்ளை தன் கருத்தைச் சொல்றதுக்கு அதோட குறைபாட்டுக்கும் வயசுக்கும் ஏத்த உதவியைத் தரணும்னு சொல்லுது. அதையும் அந்தக் கடிதத்துல சேத்துடுங்க.

உயிரை விட்டுடலாம்னு தோணுதான்னு அவன்கிட்ட நேராக் கேளுங்க. கேட்டா அந்த நினைப்பை நாமளே குடுத்த மாதிரி ஆயிடும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் பல பிள்ளைங்க இருக்குது. ஆமான்னு காட்டினா அன்னைக்கே மனநல டாக்டர், அதுவரைக்கும் அவனைத் தனியா விடக் கூடாது.

கடைசியா அந்தத் தலையாட்டல். நாளைக்கே அவனைத் தனியா, ஆனா கண்ணுக்குத் தெரியிற இடத்துல உக்கார வச்சு, 'அன்னைக்கு சரின்னு சொல்லிட்டேன், முழுசா அப்படி என்னால இருக்க முடியாது'ன்னு சொல்லிடுங்க. உன்னைக் கேக்காம வீட்டுக்குப் போன் பண்ண மாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உதவக்கூடிய ஒருத்தர் கிட்ட சொல்லுவேன், யார் கிட்ட சொல்றேன்னு உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்னு. கோவப்படுவான், கையை மறுபடி பாக்கெட்டுக்குள்ள விட்டுக்குவான். எந்திரிச்சுப் போயிடாதீங்க, எதிர்லயே இருங்க, உங்க கையையும் மடியில வச்சுக்கிட்டு.