'சரிபார்க்க வேண்டாம்' என்று கொடுக்கலாமா?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் கேட்கிறார்: "வைஃபையை எண்டர்பிரைஸ் முறைக்கு (எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு இல்லாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சரிபார்க்கும் முறை) மாற்றினோம். கணினிகளுக்குத் தனித்தனி டிஜிட்டல் சான்றிதழ், மாணவர் போன்களுக்குப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். புது ஆண்ட்ராய்டு போன்கள் பல இணைய மறுக்கின்றன. பழைய போன்களில் சர்வர் சான்றிதழைச் 'சரிபார்க்க வேண்டாம்' என்று கொடுத்தால் உடனே இணைகிறது. எல்லாருக்கும் அதையே சொல்லிவிடலாமா? விடுமுறைக்குப் பிறகு ஆறு கணினிகளும் இணையவில்லை."

வேண்டாம், தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்கள் வைஃபையின் பெயரையே வைத்து ஒருவர் பேருந்து நிலையத்தில் ஒரு கருவியை இயக்கினால், சரிபார்க்காத போன் அதை உங்கள் கல்லூரி என்றே நம்பி இணையப் பார்க்கும். அப்போது போன் அனுப்பும் லாகின் தகவலை வைத்து, அவர் வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க முடியும். மாணவர்கள் அதே பாஸ்வேர்டைத்தான் மெயிலுக்கும் வைத்திருப்பார்கள். அதனால்தான் 2020 டிசம்பர் முதல் ஆண்ட்ராய்டு 11 அந்த வசதியையே எடுக்கத் தொடங்கியது.

சாதிச் சான்றிதழை நாம் எப்படி நம்புகிறோம்? தாசில்தார் கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்துத்தான். லாகினைச் சரிபார்க்கும் உங்கள் சர்வர் (ரேடியஸ் சர்வர்) காட்டும் சான்றிதழில் கையெழுத்திடும் 'தாசில்தார்' யார் என்று போனுக்குத் தெரிய வேண்டும். அதற்கு உங்கள் மூலச் சான்றிதழை, அதாவது சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழை, போனில் நிறுவ வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். புது ஆண்ட்ராய்டில் சான்றிதழை நிறுவும்போது 'சிஏ சான்றிதழ்', 'விபிஎன் மற்றும் ஆப் பயனர் சான்றிதழ்', 'வைஃபை சான்றிதழ்' என்று மூன்று வழிகள் வரும். பெயரைப் பார்த்து முதலாவதில் போட்டால் வைஃபை பட்டியலில் அது தெரியவே தெரியாது. மூன்றாவதில் போடுங்கள். அப்புறம் 'டொமைன்' கட்டத்தில் சர்வர் சான்றிதழில் உள்ள பெயரை அப்படியே எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டு படிகளையும் படத்துடன் ஒரு தாளில் அச்சடித்து ஆய்வகக் கதவில் ஒட்டினால் பாதிக் கூட்டம் குறையும்.

சரி, அந்த ஆறு கணினிகள். முதலில் தேதியைப் பாருங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் நம் பக்கத்தில், நாள்கணக்கில் அணைந்து கிடந்த பழைய மதர்போர்டுகளின் காசு வடிவச் சிறு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். மன்னார்குடி பக்கம் ஓர் ஆய்வகத்தில் இதைத் தேடி ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. திரையின் மூலையில் இருந்த வருடத்தை யாரும் பார்க்கவில்லை. தேதி பின்னால் இருந்தால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று விண்டோஸ் மறுக்கும். நெட் இல்லாததால் நேரத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளவும் முடியாது. கையால் தேதியைத் திருத்தி, சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

தேதி சரியாக இருந்தால், சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். certmgr.msc பயனருடைய பெட்டி, certlm.msc கணினியுடைய பெட்டி. பொதுக் கணினியில் பயனர் பெட்டியில் போட்டிருந்தால், வேறு மாணவர் லாகின் செய்யும்போது அது இல்லாததுபோலத்தான். கணினிப் பெட்டியில் போடுங்கள். பிஎஃப்எக்ஸ் கோப்பை (சான்றிதழும் அதன் ரகசியத் தனிச் சாவியும் சேர்ந்த கோப்பு) கணினியில் சேர்க்கும்போது தனிச் சாவியை ஏற்றுமதி செய்ய அனுமதிக்கும் பெட்டியில் டிக் போட வேண்டாம். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பைப் பென்டிரைவிலிருந்தும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது.

புதுப்பிக்கும் காலம் வரும். அதே சிஏவிடம் சர்வர் சான்றிதழைப் புதுப்பித்து, பெயரும் மாறாமலிருந்தால் சாதனங்களில் ஒன்றும் செய்ய வேண்டாம். சிஏ மாறினால் மட்டும், பழையது முடியுமுன்பே புதியதையும் எல்லாச் சாதனங்களிலும் சேர்த்துவிடுங்கள். தேர்வு வாரத்தில் இதைத் தொடாதீர்கள்.

தொலைந்த லேப்டாப்பின் சான்றிதழை அன்றைக்கே ரத்து செய்யுங்கள், ரத்துப் பட்டியலை உங்கள் ரேடியஸ் சர்வர் உண்மையிலேயே பார்க்கிறதா என்றும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.