ரிப்போர்ட்டில் ‘எக்ஸான் 40’ என்று இருக்கிறது, ஆட்டுக்கால் சூப் போதுமா?

ஒரு அம்மா அனுப்பிய கேள்வி, கொஞ்சம் சுருக்கித் தருகிறேன். மகனுக்கு 7 வயது, கண்ணாடி பவர் மைனஸ் 8. பிறந்தபோது அண்ணப்பிளவு இருந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ‘சிஓஎல்2ஏ1, 12க்யூ13.11, எக்ஸான் 40, ஹெட்டரோசைகஸ், நான்சென்ஸ்’ என்று வந்திருக்கிறது. தேடிப் பார்த்தால் குருத்தெலும்புக்கான ஜீன் என்று போட்டிருக்கிறது, அப்படியிருக்க டாக்டர் ஏன் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்? கொலாஜன் பவுடர், ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் சரியாகுமா? சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று வீட்டில் பேசுகிறார்கள், உண்மையா? கணவருக்கும் சின்ன வயதிலிருந்தே தடிமனான கண்ணாடி, 38 வயதில் இடுப்பு மூட்டு வலி.

முதலில் அந்த 12க்யூ13.11-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது நோயின் பெயர் இல்லை, பட்டாவில் சர்வே எண் மாதிரி ஒரு விலாசம். 12-ஆம் குரோமோசோம், க்யூ என்றால் அதன் நீளமான கை, அதில் 1-ஆம் பகுதி, 3-ஆம் பட்டை, அதற்குள் உட்பிரிவு. (பதின்மூன்று என்று படிக்கக் கூடாது, ஒன்று-மூன்று.) எனக்கும் உங்களுக்கும் எல்லா மனிதருக்கும் இந்த ஜீன் அங்கேதான் இருக்கிறது. மனிதச் செல்லையும் எலி வகைச் செல்லையும் ஒட்டவைத்து, எந்த மனிதக் குரோமோசோம் மிஞ்சும்போது இந்த ஜீனும் கூடவே மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் அது 12-ஆம் குரோமோசோமில் இருப்பதை 1980-களில் கண்டுபிடித்தார்கள். 1987-இல் ஸ்டிக்லர் சிண்ட்ரோம் (கண், மூட்டு, காது, அண்ணம் ஆகியவற்றைப் பாதிக்கும் பரம்பரை நோய், உங்கள் மகனின் ரிப்போர்ட் காட்டுவதும் இதைத்தான்) உள்ள குடும்பங்களில் அந்த நோயும் இந்த ஜீனும் சேர்ந்தே இறங்குவது தெரிந்தது.

ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியது விலாசத்துக்கு அடுத்து வருகிறவைதான்: எக்ஸான் 40, ஹெட்டரோசைகஸ், நான்சென்ஸ்.

இந்த ஜீன் சுமார் 31,000 டிஎன்ஏ எழுத்து நீளம், அதில் இழைக்கான செய்முறை 54 எக்ஸான்களாகத் துண்டு துண்டாக இருக்கிறது. இதிலிருந்து வருவது இரண்டாம் வகை கொலாஜன். ஒரே மாதிரியான மூன்று இழைகளை முறுக்கிய முப்புரிக் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கின் நடுவில் இடமே கிடையாது, அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் உட்கார்ந்தாக வேண்டும், அமினோ அமிலங்களிலேயே சின்னது அதுதான். எக்ஸான்களும் அந்தத் தாளத்துக்கே வெட்டியிருக்கின்றன: கயிறுப் பகுதியில் பல எக்ஸான்கள் சரியாக 54 எழுத்து, அதாவது 18 அமினோ அமிலம், ஆறு முறை அந்த மூன்று.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. நடுவில் ஒரு எக்ஸான் விட்டுப்போனால்கூட மீதி எழுத்துகள் தாளம் தப்பாமல் படிக்கப்படும், குட்டையான இழை ஒன்று தயாராகி நல்ல இழைகளோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். கிளைசின் இடத்தில் பெரிய அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான். ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று இப்படிப் பிழையாகி, இழைகளில் பாதி கெட்டது என்றால், மூன்றும் நல்லதாக அமைகிற கயிறு எட்டில் ஒன்றுதான், மற்ற ஏழும் பழுது. பிறவியிலேயே எலும்பு வளர்ச்சி குன்றுவது, க்னீஸ்ட் டிஸ்பிளேசியா என்ற எலும்புக் கோளாறு போன்ற கடுமையான நிலைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன.

உங்கள் மகனுடையது நான்சென்ஸ், அதாவது நடுவிலேயே ‘நிறுத்து’ என்ற கட்டளை. 1991-இல் ஒரு ஸ்டிக்லர் குடும்பத்தில் பார்த்ததும் இதுவேதான்: ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் சிஜிஏ இருக்க வேண்டிய இடத்தில் ‘நிறுத்து’ என்கிற டிஜிஏ, ஒரே ஒரு எழுத்து மாற்றம். இப்படி வந்தால், இழை செய்வதற்காக அந்த ஜீனிலிருந்து எடுத்த நகலைச் செல் பெரும்பாலும் கிழித்துப் போட்டுவிடும். கெட்ட இழை உருவாவதே இல்லை, நல்ல கயிறு பாதி அளவுக்குக் கிடைக்கும். பாதி குறைவது எட்டில் ஏழு கெடுவதை விட எவ்வளவோ மேல். கேட்க விநோதமாக இருந்தாலும், முழுசாக நின்றுபோனதுதான் இங்கே நல்லது.

சரி, கண் எதற்கு? கண்ணுக்குள் இருக்கிற விட்ரியஸ் ஜெல்லையும் இதே கொலாஜன்தான் சட்டம் போலத் தாங்குகிறது. பாதிதான் கிடைக்கிறது என்பதால் அந்த ஜெல் சரியாக அமையாது, விழித்திரை கிழிந்து விலகும் ஆபத்து வாழ்நாள் முழுக்க உண்டு. எக்ஸான் 2-இல் பிழை உள்ளவர்களுக்கு மூட்டு ஏறக்குறைய தப்பிவிடும், கண் மட்டும் மாட்டும், ஏனென்றால் முதிர்ந்த குருத்தெலும்பு எக்ஸான் 2-ஐ வெட்டி எறிந்துவிடுகிறது, கண் அதை வைத்துக்கொள்கிறது. உங்கள் மகனுக்கு எக்ஸான் 40, ஆகவே கண், மூட்டு, காது மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஆகவே ரெட்டினா டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். சொட்டு மருந்து விட்டு ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள், முன்கூட்டியே லேசர் அல்லது கிரையோ (உறையவைக்கும் சிகிச்சை) போடலாமா என்றும் கேளுங்கள். கண்ணில் மின்னல் மாதிரி வெளிச்சம், திடீரென நிறைய கரும்புள்ளி, திரை விழுந்த மாதிரி மறைப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஓட வேண்டும். பிள்ளைகள் இதையெல்லாம் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், அடிக்கடி கேட்டுக்கொண்டே இருங்கள். காது டெஸ்ட் ஒன்றும் எடுத்துவிடுங்கள்.

சூப்பை ருசிக்காகக் குடிக்கட்டும். கொலாஜன் பவுடரோ ஆட்டுக்காலோ வயிற்றில் செரித்துத் துண்டுதுண்டாகிவிடும், ஜீனில் இருக்கிற ஓர் எழுத்தைக்கூட அது மாற்றாது. பவுடருக்குச் செலவழிக்கிற காசைக் கணவரின் டெஸ்டுக்கு வையுங்கள்.

சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் நோய்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தும், இதற்கு ஒரு பிரதி போதும், ஹெட்டரோசைகஸ் என்று எழுதியிருப்பது அதைத்தான். கணவருக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கிற டெஸ்ட் போதும், நிறைய ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கிற முழு பேனல் வேண்டாம். அவருக்கும் இருந்தால், அடுத்த குழந்தைக்கு வர ஒவ்வொரு முறையும் 50 சதவீத வாய்ப்பு. உங்கள் இருவருக்கும் இல்லையென்றால் மகனிடத்தில் புதிதாக வந்தது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம், அப்போது வாய்ப்பு மிகக் குறைவு, பூஜ்யம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். எப்படியிருந்தாலும் இடுப்பு வலியை வயசுக் கோளாறு என்று விடாமல் எக்ஸ்ரே எடுக்கட்டும், மகனோடு சேர்த்து அவர் கண்ணையும் காட்டட்டும்.

அப்புறம், அந்த ரிப்போர்ட் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இருவர் கண் ஃபைலிலும் வைத்துவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எமர்ஜென்சியில் நிற்கும்போது ‘சிஓஎல்2ஏ1’ என்று வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.