கப்பல்காரர் பதில்கள்

கே: இன்ஜின் ரூமிலேயே காலம் தள்ளிய நீங்கள் ஊர்களை எப்போது பார்த்தீர்கள்? எந்தத் துறைமுகத் தலைநகரம் பிடித்தது? (வாசகி, தூத்துக்குடி)

ப: குத்தல் புரிகிறது, தாயி. ஷோர் லீவ் என்று கரைக்குப் போக விடுமுறை ஒன்று உண்டே! எனக்குப் போர்ச்சுகலின் லிஸ்பன். கப்பலைக் கரையில் கட்டியதும் நான் போய் நின்றது ரோசியோ சதுக்கத்தை ஒட்டிய சாவ் டொமிங்கோஸ் முற்றத்தில். நம் தேரடி மாதிரிச் சின்ன இடம். ஒரு ஓரத்தில் ஜிஞ்ஜிஞ்யா கடை. புளிப்புச் செர்ரி மதுவைச் சின்னக் குவளையில் வாங்கி நின்றபடியே குடிப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ்வில் இருந்து வந்தவர்கள் கூடுவதும் அங்கேதான். அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது. ஆனால் ஒருவர் குரலை உயர்த்த, நாலு பேர் மறுக்கிற தோரணையைப் பார்த்தால் டீக்கடை பெஞ்சுதான்.

அந்த முற்றத்துத் தேவாலயத்தில் 1506 ஏப்ரலில் ஒரு கலவரம் தொடங்கியது. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களை ஊருக்குள் தேடித் தேடிக் கொன்றார்கள். ஆயிரத்துக்கு மேல் சாவு. தேவாலயத்தை 1755 பூகம்பம் உலுக்கியது, 1959-ல் தீ தின்றது. கருகி வெடித்த தூண்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது அந்தத் தூண்களால்தான். 2008-ல் வெளியே நினைவுக்கல் வைத்தார்கள். பக்கத்துச் சுவரில் ‘லிஸ்பன், சகிப்புத்தன்மையின் நகரம்’ என்று பல மொழிகளில் எழுதியிருக்கிறது. 500 வருஷம் கழித்துத்தான் என்றாலும், கொலை நடந்த இடத்திலேயே எழுதினார்களே!

கே: லிஸ்பனுக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், நாகர்கோவில்)

ப: ஜன்னலைச் சாத்தி, மேஜையில் கிடக்கும் சாவியை எடுத்து, அலமாரியைப் பூட்டிப் பாருங்கள். நாலும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள். 1554-ல் ஒரு தமிழ் ஞானோபதேசப் (கிறிஸ்தவ மறைக்கல்வி) புத்தகம் லிஸ்பனில்தான் அச்சானது, தமிழை ரோமன் எழுத்தில் எழுதி. வாட்ஸ்அப்பில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிற என் பேரனுக்கு இது தெரிந்தால் என்னை மடக்கிவிடுவான். நீங்கள் சொல்லாதீர்கள்.

கே: இப்போது போனாலும் அப்படியே இருக்குமா? (வாசகர், காரைக்கால்)

ப: முற்றம் இருக்கும். ஊரின் பழைய பகுதிகளான அல்ஃபாமா, மொராரியா சந்துகளில்தான் பல வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போய், பழைய குடித்தனக்காரர்கள் காலிசெய்துவிட்டார்கள். கொடியில் துணி காய்வதைப் படம் பிடிக்கக் கூட்டம் வருகிறது. காயப்போடத்தான் ஆள் குறைகிறது. போனால் சாயங்காலமாகப் போங்கள். குவளையில் செர்ரி போடவா, வேண்டாமா என்று கேட்பார்கள். போடச் சொல்லுங்கள். கொட்டை இருக்கும், பல் பத்திரம்.