வைஃபை பாதுகாப்பில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ரவுட்டர் செட்டிங்கில் டபிள்யூஇபி (WEP), டபிள்யூபிஏ (WPA), டபிள்யூபிஏ2 (WPA2) எனப் பாதுகாப்பு முறைகள் வரிசையாக இருக்கின்றனவே, எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். டபிள்யூபிஏ2, அதோடு ஏஇஎஸ் (AES) என்ற குறியாக்க முறையைப் போடுங்கள். டபிள்யூபிஏ3 இருந்தால் அதுவே மேல். டபிள்யூஇபி பக்கமே போகாதீர்கள். அதன் பூட்டு 2001இலேயே உடைந்துவிட்டது, இன்று சில நிமிட வேலை.

பிரவுசரில் 192.168.1.1 அடித்தால் பெரும்பாலும் உள்ளே போகலாம். சரியான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். வயர்லெஸ் பகுதிக்குப் போங்கள். பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். தயவுசெய்து செல்போன் எண்ணை வைக்காதீர்கள். பத்து இலக்க எண்களைக் கணினி வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடும். தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்தெழுதுங்கள், நினைவிலும் நிற்கும்.

பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனாலோ பின் எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியையும் அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண் இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால், 11,000 முயற்சிக்குள் சிக்கிவிடும்.