உள்ளூர் வெப் டெவலப்பர் குழுக்களில் எப்படிக் கலந்துகொள்வது? மீட்டப்புக்குப் போனாலும் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

சென்னை ஓஎம்ஆரில் ஃப்ரன்ட் எண்ட் வேலை, சனிக்கிழமை மீட்டப்புக்குப் போகிறேன், யாரிடமும் பேச வாய் வரவில்லை, போய் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதில் தப்பே இல்லை. ஆனால் அப்படி வருஷக்கணக்கில் போனாலும் அங்கே உங்களை யாருக்கும் தெரியப்போவதில்லை. கூச்சத்தைப் போக்க முயற்சி செய்யாதீர்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும். அதற்குப் பதிலாக அடுத்த கூட்டத்தில் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் மீட்டப் என்பது இரண்டு பேச்சு, நடுவில் டீ. நடத்துகிறவர்களுக்கு அது வேறு. பெரும்பாலும் ஒருவரோ இரண்டு பேரோதான் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள், அவர்களுக்கும் வாரம் முழுக்க ஆபீஸ் இருக்கும். ஏதோ ஒரு கம்பெனி ஹால் தந்திருக்கும். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் பெயர்ப் பட்டியல் கேட்பார், லேப்டாப்பைத் திருப்பி சீரியல் நம்பரை நோட்டில் எழுதச் சொல்வார். லிஃப்ட்டுக்கு ஆக்சஸ் கார்டு வேண்டும் என்பதால் யாராவது கீழேயே நின்று ஆட்களை நான்கு ஐந்து பேராக மேலே அனுப்ப வேண்டும். பேசுகிறவர் லேப்டாப்பில் டைப் சி மட்டும் இருக்கும், ப்ரொஜெக்டரில் ஹெச்டிஎம்ஐ மட்டும் இருக்கும். வருகிறேன் என்று பதிந்தவர்களில் பாதிப் பேர் வந்தாலே பெரிய விஷயம் என்பதால் எத்தனை சமோசா சொல்வது என்பது ஒவ்வொரு மாதமும் சூதாட்டம்தான்.

இதில் கேட் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். "அரை மணி நேரம் முன்னாடியே வந்துடறேன், கீழே நிக்கட்டுமா?" என்று முந்தைய நாள் கேட்டுப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லும் அமைப்பாளரை நான் பார்த்ததில்லை. பேச்சுக் கொடுக்கத் தெரியாதவர்களுக்கு இதுதான் தோதான இடம். "பேர் சொல்லுங்க, லேப்டாப் இருக்கா?" என்று கேட்க உங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எல்லாரும் உங்களைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். டீ இடைவேளையில் அவர்களே வந்து பேசுவார்கள்.

இரண்டாவது படி, ஐந்து நிமிடப் பேச்சு. லைட்னிங் டாக் என்பார்கள். வெப் பக்கங்கள் கட்ட உதவும் ரியாக்ட்டின் ஆழ அகலங்களை எல்லாம் எடுக்க வேண்டாம். அந்த வாரம் உங்களைப் படுத்திய ஒரு பக் (நிரல் பிழை), அது போதும். நான் முதலில் பேசியது ஒரு ஃபார்மில் இருந்த எழுத்து எண்ணிக்கையைப் பற்றி. "தமிழ்" என்று தட்டினால் மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டில் லெங்த் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனித்தனி யூனிகோடு குறியீடாக எண்ணுவதால் வரும் வினை. கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளாகப் பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதியைப் பயன்படுத்தினால் சரியாக 3 வரும். குரோம், சஃபாரி பிரவுசர்களில் முன்பே வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரலில் வெளியான 125ஆம் பதிப்பில்தான் வந்தது. இவ்வளவுதான் என் பேச்சு.

முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர், "அப்போ க்ஷ போட்டா?" என்றார். அங்கேயே கன்சோலைத் திறந்து போட்டுப் பார்த்தோம். 2 என்று வந்தது. ஸ்ரீ போட்டாலும் 2. பார்வைக்கு ஒரே எழுத்து, செக்மென்டருக்கோ க் தனி, ஷ தனி. பிறகு இந்த இரண்டுக்கும் தனியாக ஒரு சரிபார்ப்பு எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால், பெயரில் ஸ்ரீ உள்ள யாரோ ஒரு வாடிக்கையாளர்தான் அதைக் கண்டுபிடித்திருப்பார். மீட்டப்பால் என்ன பயன் என்று கேட்டீர்களே, எனக்குக் கிடைத்த பயன் இந்த மாதிரிதான். வேலைக்கு ரெஃபரல் கிடைப்பதும் உண்டு, ஆனால் வந்த முதல் நாளே ரெஸ்யூமேயை நீட்டுகிறவர்களைக் கண்டால் எல்லாரும் நைசாக நழுவிவிடுவார்கள்.

எங்கே போவது? சென்னையில் பைத்தான் ஆட்களின் சென்னைபை மாதத்தின் நான்காவது சனிக்கிழமை கூடும். பைத்தானில் வெப்சைட் கட்டும் ஜாங்கோ, ஃப்ளாஸ்க் பக்கம் கை வைப்பவராக இருந்தால் தாராளமாகப் போகலாம். ரியாக்ட்டுக்கென்று தனியாகவும் குழு இருக்கிறது. கூகுள் டெவலப்பர் குழு சென்னையிலும் கோவையிலும் உண்டு. டெவ்ஃபெஸ்ட் என்று அவர்கள் நடத்தும் விழாவுக்குக் கூட்டம் அள்ளும், ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தில் உங்களைப் போன்றவர் இன்னும் காணாமல் போவார். சின்னக் குழுவில் தொடங்குங்கள் என்பதே என் கட்சி.

நான் அதிகம் சிபாரிசு செய்வது லினக்ஸ் குழுக்களைத்தான். பெயரைப் பார்த்து "நமக்கு எதற்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள், அங்கே வெப் பற்றிய பேச்சு நிறைய நடக்கும். சென்னையின் ஐலக்சி (ILUGC, சென்னை லினக்ஸ் பயனர் குழு) மிகப் பழைய குழு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறு மாலைகளில் இணையத்திலேயே கூடுகிறது. விழுப்புரத்தில் இருக்கும் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. இங்கெல்லாம் தமிழிலேயே கேள்வி கேட்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிடும் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். டீ ஷர்ட்டுக்காகவும் ஸ்டிக்கருக்காகவும் திறமூலத்தில் (ஓப்பன் சோர்ஸ்) குதிப்பது. திறமூலத்துக்குப் பங்களித்தால் டீ ஷர்ட் என்று டிஜிட்டல் ஓஷன் கம்பெனி அக்டோபரில் நடத்திய 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், ப்ராஜெக்ட்டின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு வார்த்தையைச் சேர்த்து, "இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பித் தள்ளினார்கள். ப்ராஜெக்ட்டுகளைப் பராமரிக்கிறவர்கள் நொந்துபோய், கடைசியில் விருப்பப்படும் ப்ராஜெக்ட் மட்டும் சேரலாம் என்று டிஜிட்டல் ஓஷன் மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியிருந்தது.

அப்புறம், உங்கள் ஆபீசில் நாற்பது ஐம்பது பேர் உட்காரும் ஹால் இருக்கிறதா? ஹெச்ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். எந்தக் குழுவுக்கும் பேச ஆள் கிடைப்பதைவிட இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. "எங்க ஆபீஸ்ல பண்ணலாம்" என்று நீங்கள் சொன்னால் அடுத்த மாதத் தேதியை அங்கேயே குறித்துவிடுவார்கள். கெஸ்ட் வைஃபை, ப்ரொஜெக்டர், கழிவறைப் பக்கம் போக கார்டு, எல்லாரும் கிளம்பும்வரை கூட இருக்க உங்கள் கம்பெனி ஆள் ஒருவர், இவ்வளவும் வேண்டும். ஐடி பார்க்காக இருந்தால், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஏசி ஓடுமா என்பதையும் வெள்ளிக்கிழமையே ஃபெசிலிட்டி ஆளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.