மாருதி 800 ஸ்டியரிங் ரேக்: கழட்ட வராத பார்ட்ஸ் பத்தி உங்க கேள்விகளும் என் பதிலும்

என்னோட 800-ல எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங் வீல் மாட்டியிருக்கற தண்டு, column) போட்டு, ரேக்கையும் (வீல சுத்துறத டயர திருப்பற அசைவா மாத்தற பல்லு தண்டு) இறக்கி பிரிச்சு மாட்டுனத போன வாரம் சொல்லியிருந்தேன்ல, அதுக்கு வந்த கேள்வில பாதிக்கு மேல "கழட்ட வரல"தான். பழைய வண்டி, துரு இருக்கத்தான் செய்யும்.

கே: அண்ணா, டை ராடு எண்ட் (ரேக்க டயர் பக்கத்தோட இணைக்கற கம்பியோட முனை) நட்ட எடுத்துட்டேன், ஆனா நக்கிள (டயர் மாட்டியிருக்கற, திரும்பற பாகம்) விட்டு வரவே மாட்டேங்குது. மரை நுனில அடிச்சு அடிச்சு கை வலிதான் மிச்சம்.

ப: தம்பி, மொதல்ல அந்த அடிய நிறுத்துங்க. நுனில அடிச்சா மரை காளான் மாதிரி விரிஞ்சுடும், அப்புறம் நட்டே ஏறாது. அந்த மரை இருக்கற பின்னு நேரா இருக்காது, டேப்பரா (போகப் போக ஒடுங்கி) இருக்கும், நட்ட இறுக்க இறுக்க ஓட்டைக்குள்ள போய் கவ்விக்கும், நட்ட எடுத்தாலும் அந்த பிடி விடாது. அதனால அடிக்க வேண்டிய எடம் பின்னு இல்ல, அத சுத்தி இருக்கற நக்கிளோட காது. நட்ட ரெண்டு மூணு மரை மாட்டி விட்டுட்டு, காதுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியல அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால சுள்ளுன்னு நாலஞ்சு போடுங்க. புல்லர் (இழுத்து கழட்டற கருவி) இருந்தா அத மாட்டி டைட்டா வச்சுட்டு அடிச்சா இன்னும் சுலபம். எனக்கு மூணாவது அடில துருத்தூள் பொலபொலன்னு கொட்டுச்சு, அஞ்சாவதுல 'டக்'னு ஒரு சத்தம், நழுவி வந்து நட்டுல நின்னுடுச்சு. கவட்டை மாதிரி ஃபோர்க் விக்கறாங்க, அது ரப்பர் பூட் உறைய கிழிச்சுடும், டை ராடு எண்ட மாத்தப் போறீங்கன்னா மட்டும் எடுங்க.

கே: ப்ரோ, லாக் நட்டு (டை ராடு எண்ட் சுத்தாம பிடிச்சு வைக்கற நட்டு) அசையல, டபிள்யூடி-40 அரை டப்பா காலி.

ப: அது அடிப்படைல ஈரத்த வெளியேத்தறதுக்காக 1953-ல செஞ்ச பொருள், பேர்ல இருக்கற டபிள்யூடின்னா வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், அதான் அர்த்தம். துருவுக்குள்ள ஊடுருவறதுக்குன்னே தனியா பெனட்ரேட்டிங் ஆயில் இருக்கு, மரைய வயர் பிரஷ் போட்டு சுத்தம் பண்ணி அத அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. அப்பவும் வரலன்னா நட்ட மட்டும் சூடு காட்டலாம், ஆனா ஆயில நல்லா தொடைச்சுட்டு, டை ராடு எண்டோட பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) பக்கமும் பூட் பக்கமும் தீ போகாம. டை ராடு எண்ட கழட்டும்போது எத்தன சுத்துன்னு எண்ணி எழுதி வச்சுக்கோங்க.

கே: சார், நட்டோட சேந்து பின்னும் சுத்துது.

ப: ஜாயிண்டுக்கு அடில ஜாக்கிய வச்சு மெதுவா அழுத்துங்க, டேப்பர் கவ்விக்கும், நட்டு கழண்டுடும்.

கே: பினியன்ல (ரேக்க நகத்தற சின்ன பல்சக்கரம்) இருக்கற கீழ் யூ-ஜாயிண்ட் (மடங்கற இணைப்பு) போல்ட்ட நல்லா லூஸ் பண்ணிட்டேன், அப்பவும் உருவ வரல.

ப: லூஸ் பண்ணா பத்தாது, முழுசா வெளிய எடுக்கணும் சார். பினியன் ஷாஃப்ட்ல ஒரு காடி வெட்டியிருப்பாங்க, போல்ட்டு அதுக்குள்ள படிஞ்சு உக்காந்திருக்கும், அது உள்ள இருக்கற வரைக்கும் எவ்வளவு இழுத்தாலும் வராது. எடுத்துட்டு ஷாஃப்ட்லயும் ஜாயிண்ட்லயும் ஒரே கோட்டுல பெயிண்ட் மார்க் போடுங்க, ஜாயிண்ட்ல வெட்டு இருக்கற எடத்துல தட்டை உளிய வச்சு லேசா அகட்டுங்க, அசைஞ்சு வந்துடும். ஷாஃப்ட்ட மட்டும் சுத்தியலால அடிக்காதீங்க, அடி நேரா பினியன் பேரிங்குக்குப் போகும்.

கே: ஸ்டியரிங் வீல் ஸ்ப்லைன்ல (காலம் நுனில இருக்கற பல்லு வெட்டு) ஒட்டிக்கிச்சு, அண்ணே.

ப: நட்ட முழுசா எடுத்துடாதீங்க, நாலு மரைல நிக்கட்டும், இல்லன்னா திடீர்னு கழண்டு மூஞ்சில அடிக்கும். ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி ஆட்டி இழுங்க, முடியலன்னா புல்லர். காலம் மேல சுத்தியல் அடி வேண்டவே வேண்டாம். வேற வண்டில பண்றவங்க, ஏர்பேக் இருந்தா பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு கொஞ்ச நேரம் காத்திருந்து அப்புறம் கை வைங்க.

கே: டை ராடு எண்ட் நட்டு கழலாம இருக்க போடற பழைய காட்டர் பின் நல்லாத்தான் இருக்கு, திரும்ப போடலாமா?

ப: வேண்டாம் தம்பி. ஒரு தடவ மடக்கி நிமித்துன கம்பி அது, உடையும். புதுசு போடுங்க, ஓட்டை நேரா வரலன்னா நட்ட இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த வெட்டுக்கு கொண்டு வாங்க, பின்னால தளத்தாதீங்க. அப்புறம் எண்ணி வச்ச சுத்து கணக்குக்கு டை ராடு எண்ட ஏத்தி, மெதுவா ஓட்டிட்டுப் போய் அன்னைக்கே வீல் அலைன்மென்ட் பாத்துடுங்க.